கூழைக்கடா பார்க்கப் போன ஞாயிறு

வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக மேட்டூர் பக்கம் பறவை பார்க்கப் போகிறோம், நீயும் வரவேண்டும் என்று அக்கா செல்லாயி போனில் சொன்னபோது, கோகிலவாணிக்குக் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று சந்தேகமாக இருந்தது. அக்கா குடும்பம் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறது. பொழுது விடிந்தால் ஆயிரக்கணக்கான கோழிகளின் சத்தத்தில்தான் கண் விழிப்பார்கள். அவர்கள் கார் எடுத்துக்கொண்டு பறவை பார்க்கப் போவதாவது.

காரணத்தையும் அக்காவே சொன்னாள். மகள் தனப்பிரியாவுக்குச் சங்ககிரியில் ஒரு வரன் பேசியிருந்தார்கள். லாரி வைத்து ஓட்டுகிற குடும்பம். பையன் தர்ஷனுக்குக் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. லீவு கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏரி ஏரியாகப் போகிறவன். பெண்ணை நடுவீட்டில் உட்காரவைத்துப் பார்ப்பதெல்லாம் வேண்டாம், அணைத் தண்ணீரில் பண்ணவாடிப் பக்கம் கூழைக்கடா வந்து இறங்கியிருக்கிறது, இரண்டு குடும்பமும் அங்கே போய்ப் பேசிப் பழகலாம் என்று அவன் சொல்ல, பெரியவர்களும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்களாம்.

"நீ வராட்டி நல்லா இருக்காது அம்மிணி" என்றாள் அக்கா.

அந்தப் பேச்சுத்தான் கோகிலவாணியை யோசிக்க வைத்தது. கல்யாணம் ஆகாமலே நாற்பதைத் தாண்டிவிட்ட தங்கையை அக்கா எந்த நல்ல காரியத்துக்கும் முன்னால் நிறுத்தியதில்லை. தனப்பிரியா வயசுக்கு வந்த சீருக்குக்கூட முதல் நாளே வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னவள். இப்போது வருந்தி அழைக்கிறாள் என்றால் ஏதோ தேவை இருக்கிறது. என்ன தேவையாக இருந்தாலும் சரி, கோகிலவாணி உடனே "வாரேன்" என்றாள். அவளுக்கும் அப்படி ஒரு நாள் தேவைப்பட்டது.

கோகிலவாணி சேலம் ஜங்ஷனில் டிக்கெட் முன்பதிவு கவுண்டரில் வேலை பார்க்கிறாள். சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறாள். ரயில்வேயில் இருந்த அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால் கிடைத்த வேலை அது. வேலைக்குச் சேர்ந்த மறுவருஷம் அவளுக்கு ராசிபுரத்தில் ஒரு கால்நடை டாக்டரைப் பேசி நிச்சயம் செய்தார்கள். நல்ல மனிதர். இரண்டு மூன்று முறை போனில் பேசியிருக்கிறார். பேச்சை முடிக்கும்போதெல்லாம், "சாப்பிட்டுட்டுப் படுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பார். பத்திரிகை கொடுத்து, மண்டபம் பிடித்த பிறகு, ஜாதகத்தைத் திரும்பப் பார்த்தோம், பொருந்தவில்லை என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லியனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்த வரனும் கூடி வரவில்லை. வருவார்கள், விசாரிப்பார்கள், அப்புறம் வரமாட்டார்கள்.

அப்போது அம்மா வாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்து படுக்கையில் இருந்தாள். இப்படி ஒரு நோயாளியைச் சுமக்கிற பெண் வேண்டாம் என்றுதான் ராசிபுரத்துக்காரர்கள் விலகிவிட்டார்கள் என்பது அம்மாவின் எண்ணம். "என்னாலதான் சாமி, என்னாலதான்" என்று கோணிய வாயால் சொல்லிக்கொண்டே இருப்பாள். கோகிலவாணி குளிப்பாட்டும்போது அம்மா சொல்வாள், சோறு ஊட்டும்போதும் சொல்வாள். வருஷக்கணக்காகக் கிடந்து, அதையே சொல்லிச் செத்தும் போனாள். கோகிலவாணியும் எல்லாம் தலையெழுத்து என்றுதான் நினைத்திருந்தாள்.

போன ஐப்பசியில் ஒரு நாள் கவுண்டருக்கு வந்த ஒருத்தி அவள் முகத்தையே பார்த்தாள். டிக்கெட் வாங்கிய பிறகும் போகாமல் நின்று, டீ குடிக்க வெளியே வந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். ராசிபுரத்து டாக்டரின் தங்கை. பழைய கதையெல்லாம் பேசிவிட்டு, இப்போதெல்லாம் வலிப்பு வருவதில்லையா என்று கேட்டாள். எனக்கு எப்போதுமே வந்ததில்லையே என்றாள் கோகிலவாணி. அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"உங்க மச்சான்தானுங்க வந்து சொன்னாரு. சாயங்காலம் பால் கறந்துக்கிட்டு இருந்தோம். பின்னாடி எங்களைக் குத்தம் சொல்லப்படாது, கொழுந்தியாளுக்கு வலிப்பு இருக்குதுன்னு சொல்லிக் கண்ணுல தண்ணி விட்டு அழுதாருங்க."

மச்சான் என்றால் அக்கா புருஷன் சென்னிமலை. கோகிலவாணி திரும்பிப் போய் மிச்ச நேரத்துக்கும் டிக்கெட் கொடுத்தாள். ஒரு ஊர்ப் பெயர்கூடத் தப்பாக அடிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. பண்ணைக்குப் போய்க் கூண்டுகளையெல்லாம் திறந்துவிடலாமா, அவர் டீ குடிக்கிற கடையில் நாலு பேர் முன்னால் செருப்பைக் கழற்றலாமா என்றெல்லாம் நினைத்துப் பார்த்தாள். எதுவும் போதாது என்று பட்டது. அந்த ஆள் தன் வாயால் சொல்ல வேண்டும். யார் முன்னால் மரியாதையாக நிற்க ஆசைப்படுகிறாரோ அவர்கள் முன்னாலேயே சொல்ல வேண்டும். அப்படி ஒரு இடம் வாய்க்கட்டும் என்று காத்திருந்தாள். தை பிறந்ததும் அக்காவின் போன் வந்தது.

ஞாயிறு காலை கார் சூரமங்கலத்துக்கு வந்து அவளை ஏற்றிக்கொண்டது. சென்னிமலை ஓட்டினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. "வா அம்மிணி, நல்லா இருக்கறயா?" என்றார். நல்லா இருக்கிறேன் என்றாள். பின்சீட்டில் தனப்பிரியா சித்தியின் தோளில் சாய்ந்துகொண்டு, தர்ஷன் அனுப்பியிருந்த படங்களைக் காட்டினாள். அலகுக்கடியில் பை தொங்கும் பெரிய வெள்ளைப் பறவைகள். பார்ப்பதற்கு முன்பே அந்தப் பெண்ணுக்கு அவனைப் பிடித்துவிட்டது என்பது, அவள் ஒவ்வொரு படத்தையும் இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டிய விதத்திலேயே தெரிந்தது. கோகிலவாணி அதைக் கவனித்தாள். கவனித்தும், தான் நினைத்து வந்ததை மாற்றிக்கொள்ளவில்லை.

மேச்சேரியில் டீக்கு நிறுத்தியபோது அக்கா அவளைத் தனியாக அழைத்துப் போனாள். மாப்பிள்ளையின் அம்மா காதில் யாரோ இந்தக் குடும்பத்தில் வலிப்பு இருக்கிறது என்று ஓதிவிட்டார்களாம். பெண்ணோட சித்திக்கு அதனால்தான் கல்யாணமே ஆகவில்லை என்று பேச்சாம்.

"உன்னைய நேர்ல பாத்தா அவங்களுக்கே தெரிஞ்சிரும். கேட்டாங்கன்னா அப்படி ஒண்ணும் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிரு சாமி."

யார் சொன்னார்களாம் என்று கோகிலவாணி கேட்டாள். ஊர் வாய்தான் என்று சொல்லி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அழைத்ததன் காரணம் இப்போது விளங்கியது. அவர் ராசிபுரத்தில் சொன்ன பொய் ஊர் ஊராகச் சுற்றிச் சங்ககிரிக்கும் போய், அவருடைய மகளின் கல்யாணத்தையே மறித்துக்கொண்டு நிற்கிறது. அதை அகற்ற முடிந்த ஒரே வாய் கோகிலவாணியின் வாய். டீ தொண்டையில் இறங்கும்போது அவளுக்கு உடம்பெல்லாம் சூடாகி, பல வருஷங்களாக இல்லாத ஒரு தெம்பு வந்தது.

பண்ணவாடிப் பரிசல் துறையில் மாப்பிள்ளை வீட்டார் முன்பே வந்திருந்தார்கள். தகப்பனார் காளியப்பன் அதிகம் பேசாதவர். தர்ஷன் மூன்று கால் தாங்கியில் கேமராவை நிறுத்திவிட்டு, யாரை முதலில் கும்பிடுவது என்று தெரியாமல் எல்லோரையும் சேர்த்துக் கும்பிட்டான். தண்ணீர் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. நடுவில் கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதந்தன. தனப்பிரியா கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்று கொட்டாவி விடுகிறது என்றாள். அவன் சிரித்தான். சென்னிமலை பெருமையோடு எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா வசந்தாமணி குடையை விரித்துக்கொண்டு கோகிலவாணியை வேப்பமரத்துப் பக்கம் அழைத்துப் போனாள். சுற்றி வளைக்கவில்லை. தன் தம்பிக்கு வலிப்பு இருந்ததாம். ஒரு நாள் மோட்டார் போடப் போனவன் கிணற்றில் விழுந்து செத்தானாம். உடலை மேலே தூக்கியபோது அவளும் அங்கே நின்றிருந்தாளாம்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியோணுமுங்க."

அந்தக் கேள்வியில் வஞ்சகம் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. ஒரு வார்த்தையில் அதைத் தீர்த்திருக்கலாம். பரிசலில் போய்விட்டு வந்து சொல்கிறேன், சொன்னால் உண்மையைத்தான் சொல்வேன் என்றாள் கோகிலவாணி. வசந்தாமணி அவளைச் சற்று உற்றுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

இரண்டு பரிசல் பேசினார்கள். முன்னால் போனதில் மாப்பிள்ளை வீட்டாரும் தனப்பிரியாவும் ஏறிக்கொண்டார்கள். பின்னால் போனதில் கோகிலவாணியும் அக்காவும் மச்சானும். பரிசல்காரர் துடுப்பைப் போடப் போட, கரை மெல்லத் தள்ளிப்போனது. எழுந்து நடந்துவிட முடியாத இடம் வரும்வரை கோகிலவாணி பேசவில்லை.

"ஏனுங்க மச்சான், ராசிபுரத்துக்குப் போய் அழுதீங்களே, அன்னிக்கும் இதே மாதிரி வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தீங்களா?"

சென்னிமலை பரிசலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எந்த ராசிபுரம் என்றார். அவள் நிதானமாகச் சொன்னாள்: பால் கறக்கிற நேரம், வலிப்பு, கண்ணீர், அதைச் சொன்ன பெண் யார் என்பது வரைக்கும். பரிசல்காரர் கேட்டும் கேட்காதவர்போல் தண்ணீரைப் பார்த்தபடி துடுப்புப் போட்டார்.

"கரைக்குப் போனதும் அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லோணும். வலிப்புங்கறது நான் கட்டுன பொய்யின்னு உங்க வாயால சொல்லோணும். சொல்லாட்டி அவங்க கேக்கறப்ப நான் வாயே தொறக்க மாட்டேனுங்க."

"அப்படிச் சொன்னா எவன் பொண்ணு எடுப்பான்?"

"சொல்லாட்டியும் எடுக்க மாட்டாங்க. எது வேணுமோ பாத்துக்குங்க."

அவர் முகத்தில் ரத்தம் சுண்டிப்போவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆசை தீரவில்லை. இனி அக்கா புருஷன் பக்கம் திரும்புவாள், என் தங்கச்சி வாழ்க்கையைக் கெடுத்தாயா என்று சட்டையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அக்கா திரும்பவில்லை. கூழைக்கடாக்கள் வளைத்துக் கட்டினாற்போல் வரிசையாக நீந்தி வந்து, மீனை ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய், எல்லாம் ஒன்றாகத் தலையைத் தண்ணீருக்குள் விட்டன. முன்னால் போன பரிசலில் தனப்பிரியா கைதட்டினாள். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானாப் போகலை அம்மிணி" என்றார் சென்னிமலை. "உங்கக்காளைக் கேளு."

கோகிலவாணி அக்காவைப் பார்த்தாள்.

"நாந்தான் போகச்சொல்லித் தாட்டிவிட்டேன்" என்றாள் செல்லாயி. "நீ கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டா அம்மாவை எங்கூட்டுக்குத்தான கூட்டியாரோணும். இடுப்புல கைக்கொழந்தை. மாமியா, நான் ஒரு வாய்த் தண்ணி குடிச்சாலும் கணக்குப் பாக்கறவ. என்னால அம்மாவை அள்ளிப் போட்டுப் பாத்திருக்க முடியாது. நீ மொகம் சுழிக்காம பாப்பேன்னு தெரியும். ரெண்டு வருசம் தள்ளிப்போகட்டும்னுதான் நெனச்சேன். அந்தப் பேச்சு இப்படி ஒட்டிக்கும்னு நெனக்கலை."

மச்சான்மேல் இருந்த கோபம் அந்நியன்மேல் இருக்கிற கோபம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வர முடிந்தது. இது அப்படி இல்லை. சின்ன வயதில் அவளுக்குத் தலைபின்னிவிட்டவள் இந்த அக்கா. கல்யாணம் நின்றபோது மூன்று நாள் கூடவே படுத்திருந்து, விடு அம்மிணி, இதைவிட நல்ல இடம் வரும் என்று முதுகைத் தடவிக்கொடுத்தவள்.

"அம்மா என்னாலதான், என்னாலதான்னு சொல்லிச் சொல்லிச் செத்துச்சே. நீ பக்கத்துலதான உக்காந்திருந்த?"

"ஆமா."

"ஒரு நாள் அதுகிட்ட உண்மையைச் சொல்லியிருந்தா நிம்மதியாப் போயிருக்குமே."

பரிசல்காரர் திரும்பலாமா என்று கேட்டார். திரும்பச் சொன்ன கோகிலவாணி, அக்காவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "மச்சான் சொல்ல வேண்டாம். நீ சொல்லு."

கரையில் ஜமுக்காளம் விரித்து, கொண்டுவந்த புளிச்சோற்றையும் கோழி வறுவலையும் இலையில் வைத்தார்கள். வசந்தாமணி ஒன்றும் கேட்கவில்லை, காத்திருந்தாள். எல்லோரும் இரண்டு வாய் உண்ட பிறகு கோகிலவாணி, "எனக்கு வலிப்பு எப்பவும் இருந்ததில்லீங்க. அந்தப் பேச்சு எங்கிருந்து கெளம்புச்சுன்னு எங்கக்கா சொல்லுவா" என்றாள்.

செல்லாயி கையில் பிசைந்த சோற்றோடு சொன்னாள். தங்கையின் கல்யாணத்தை நிறுத்தப் புருஷனை அனுப்பியதைச் சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"அம்மாவைப் பத்தியும் சொல்லு அக்கா" என்றாள் கோகிலவாணி.

அதையும் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்து அழுகை வந்தது. கோகிலவாணி ஒரு வார்த்தையையும் விடாமல், பார்வையையும் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். சென்னிமலை இலையைவிட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

தனப்பிரியா இலையை மடித்துவிட்டு எழுந்து தண்ணீரோரமாகப் போய் நின்றாள். தர்ஷன் எழுந்து பாதி தூரம் போனான், அங்கேயே நின்றுவிட்டான். கடைசியில் வசந்தாமணிதான் கைகழுவிக்கொண்டு வந்து பேசினாள். பெண்மேல் ஒரு குறையும் இல்லை, யோசித்துச் சொல்லியனுப்புகிறோம் என்றாள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

கோகிலவாணி அவர்கள் காரில் ஏறவில்லை. பஸ் பிடித்து மேட்டூர் வந்து, அங்கிருந்து சேலம் பஸ்ஸில் ஏறினாள். மத்தியானம் சரியாக உண்ணவில்லை. வறுத்த கடலை வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்து தின்றாள். ஒரு பொட்டலம் தீர்ந்து இன்னொன்று வாங்கினாள். தின்னத் தின்ன ருசித்தது.

இரண்டு வாரம் கழித்துச் சங்ககிரிக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். அந்த வாரமே தனப்பிரியா சூரமங்கலத்துக்குத் தனியாக வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை.

"உங்களுக்கு நடந்தது அநியாயந்தானுங்க சித்தி. நான் அம்மாகூடப் பேசறதில்லை. ஆனா அன்னிக்கு அங்க வெச்சுத்தான் கேக்கோணுமா? எனக்கு அவரைப் புடிச்சிருந்துச்சு."

வேறு இடத்தில் கேட்டிருந்தால் உன் அம்மா சொல்லியிருக்க மாட்டாள் என்றாள் கோகிலவாணி. அது உண்மை என்று பெண்ணுக்கும் தெரிந்தது. இருந்தாலும் போட்டு வைத்த காபியைத் தொடாமல் போய்விட்டாள்.

அந்தக் காபி ஆறி ஏடு படிவதைப் பார்த்தபடி கோகிலவாணி உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பற்றியோ மச்சானைப் பற்றியோ அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. இன்னொரு தடவை வாய்த்தால் இன்னொரு தடவையும் அதையேதான் செய்வாள். ஆனால் பேசிய கல்யாணம் நின்றுபோன பெண் இப்போது நாமக்கல்லிலும் ஒருத்தி இருக்கிறாள். அதைச் செய்தவள் தான்தான். அந்த இரண்டு பேரும் செய்ததைத் தானும் செய்திருப்பதாக நினைக்கவே அவளுக்குப் பொறுக்கவில்லை. அதில் அவர்களோடு தனக்கு எந்தப் பங்கும் இருக்கக்கூடாது.

லீவு போட்டுவிட்டுச் சங்ககிரிக்குப் போனாள். வாசலில் டயர் கழற்றிய லாரி ஒன்று நின்றது. வசந்தாமணி மோர் கொடுத்து உட்காரவைத்தாள். வலிப்பு இல்லை என்று தெரிந்ததுமே மனசு ஆறிவிட்டது, ஆனால் கூடப் பிறந்தவளுக்கே இப்படிச் செய்கிறவர்களோடு எப்படிச் சம்பந்தம் வைத்துக்கொள்வது என்றாள். பையனும் அன்றிலிருந்து வேறு பெண் பார்க்க வரமாட்டேன் என்கிறானாம்.

"அவங்களோட எனக்கே சம்பந்தம் இல்லீங்க" என்றாள் கோகிலவாணி. "நான் பொண்ணுக்காக வந்திருக்கறேன். அவ அம்மா பேசறப்ப அவ எந்திரிச்சுப் போனதைப் பாத்தீங்கல்ல. அவளுக்கு வெக்கப்படத் தெரியுமுங்க."

வசந்தாமணி மோர்ச் செம்பை எடுத்து அவளுக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். பிறகு, பேச்சுவார்த்தை எல்லாம் உங்களோடு என்றால் சரி, அவர்களோடு எங்களால் உட்கார முடியாது என்றாள்.

அப்படித்தான் நடந்தது. முகூர்த்தம் எப்போது, மண்டபம் எங்கே, எத்தனை பேருக்கு இலை என்று எல்லாவற்றையும் சங்ககிரிக்காரர்கள் கோகிலவாணியிடம்தான் பேசினார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் ஒவ்வொன்றுக்கும் சூரமங்கலத்துக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. அக்கா காலையில் கேட்டால் கோகிலவாணி சாயங்காலம் சொல்வாள். மச்சான் கேட்டால் மறுநாள் சொல்வாள். தெரிந்தேதான் அப்படிச் செய்தாள். பத்திரிகையில் யார் யார் பெயர் போடுவது என்று கேட்க சென்னிமலை நேரிலேயே வந்தபோது, அவரை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு உள்ளே போய் மடித்த துணியை மறுபடியும் மடித்தாள். தனப்பிரியா அவளிடம் பழையபடி பேச ஆரம்பித்தாள். ஆனால் தோளில் சாயவில்லை. அது தனக்கு விழுந்த தண்டனை என்று கோகிலவாணி வைத்துக்கொண்டாள்.

வைகாசியில் சங்ககிரியிலேயே கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடிந்து பந்தி ஓடிக்கொண்டிருந்தபோது, செல்லாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐந்து மாதத்தில் மெலிந்திருந்தாள். பட்டுச்சேலை தோளில் நிற்கவில்லை. கோகிலவாணியின் கையைத் தொட்டாள். கோகிலவாணி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் நான் என்ன பண்ணோணும் அம்மிணி?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றாள் கோகிலவாணி. "இதையே வந்து கேட்டுக்கிட்டு இரு."

பிறகு எழுந்து, வசந்தாமணி வீட்டு ஆட்கள் எல்லோரும் சாப்பிட்டாயிற்றா என்று விசாரிக்கப் பந்திப் பக்கம் போனாள்.